முதல் மஸ்டாங்: பழைய அமெரிக்கக் காரைச் சொந்தக் கையால் புதுப்பிக்க ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் பழைய கார் விளம்பரங்களைக் கொஞ்ச நாள் தொடர்ந்து பார்த்தால் ஒரு வகை திரும்பத் திரும்பக் கண்ணில் படும். உடல் ஒரு மூலையில், எஞ்சின் இன்னொரு மூலையில், சீட்டுகள் பரண் மேல், மீதி எல்லாம் அட்டைப்பெட்டிகளில். "எல்லாப் பாகமும் இருக்கிறது, பூட்டினால் போதும்" என்று எழுதியிருப்பார்கள். விலை மலிவாக இருக்கும். அந்தக் கார்களின் சொந்தக்காரர்களில் பலர் நல்ல கைவேலைக்காரர்கள். ஆர்வம் பொங்கிய முதல் மாதத்திலேயே காரை முழுசாகக் கழற்றிப் போட்டார்கள், அவ்வளவுதான் நடந்தது. கழற்றுவதற்கு வாரக்கணக்கு, பூட்டுவதற்கு வருடக்கணக்கு. நடுவில் குழந்தை பிறக்கும், வேலை மாறும், வீடு மாறும். கார் மட்டும் பெட்டியிலேயே கிடக்கும்.

அதனால் முதல் காரை எடுப்பவருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: காரை எப்போதும் நகரக்கூடிய நிலையில் வைத்திருங்கள். ஒரு நேரத்தில் ஒரு பகுதியைக் கழற்றுங்கள், சரிசெய்யுங்கள், பூட்டுங்கள், ஓட்டிப் பாருங்கள். அதற்கு அப்புறம்தான் அடுத்த பகுதி. கீழே வரும் வரிசை முழுக்க இந்த ஒரு கொள்கையை வைத்துத்தான்.

எந்தக் கார்?

மசில் கார் (பெரிய எஞ்சின் போட்ட வேகக் கார்) என்றால் கண்டிப்பானவர்கள் 1964-இல் வந்த பான்டியாக் ஜிடிஓவிலிருந்து கணக்கைத் தொடங்குவார்கள். நடுத்தர அளவுக் காரில் பெரிய காரின் 389 கன அங்குல எஞ்சினைப் போட்டு விற்ற வண்டி அது. அதன் பிறகு செவெல், ரோட் ரன்னர், சார்ஜர் என்று வரிசை நீண்டது. 1970-களின் தொடக்கத்தில் புகைக் கட்டுப்பாடு, காப்பீட்டுக் கட்டணம், 1973 எண்ணெய் நெருக்கடி எல்லாம் சேர்ந்து அந்தக் காலத்தை முடித்து வைத்தன. மஸ்டாங்கை அவர்கள் தனியாக போனி கார் (சின்ன, ஸ்போர்ட்டியான கார்) என்று பிரிப்பார்கள்.

முதல் முயற்சிக்கு இந்தப் பிரிவினையை மறந்துவிடுங்கள். 1965 அல்லது 1966 ஃபோர்டு மஸ்டாங், 289 கன அங்குல வி8 எஞ்சின், இரண்டு கதவு கூப்பே. என் பரிந்துரை இதுதான். 1964 ஏப்ரல் 17-ஆம் தேதி நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமான இந்தக் காரை இந்த இரண்டு மாடல் ஆண்டுகளில் மட்டும் 12 லட்சத்துக்கும் மேல் தயாரித்தார்கள். அதனால் இன்றும் வண்டி கிடைக்கிறது. அதைவிட முக்கியம், பாகம் கிடைக்கிறது. தரைத் தகடு, ஃபெண்டர், வயரிங், சீட் உறை, டாஷ்போர்டு திருகு வரை புதிதாகச் செய்து விற்கிறார்கள். டைனகார்ன் என்ற நிறுவனம் முழு உடலையே புதிதாக அடித்துத் தருகிறது.

1967 முதல் 1969 வரையிலான கமாரோவுக்கும் இதே வசதி உண்டு, ஆனால் வண்டி விலை அதிகம். செவி நோவாவும் நல்ல தேர்வுதான். டாட்ஜ் டார்ட், பிளைமவுத் டஸ்டர் ஆகியவை எனக்குப் பிடித்த வண்டிகள். ஆனால் அவற்றுக்குப் புதிதாகச் செய்த உடல் பாகங்கள் குறைவு, அலைய வேண்டியிருக்கும். டாட்ஜும் பிளைமவுத்தும் கிறைஸ்லர் நிறுவனத்தவை. 1960-களின் கிறைஸ்லர் வண்டிகளில் ஓட்டுநர் பக்க வீல் நட்டுகள் பலவற்றில் இடமறையாக இருக்கும். தெரியாமல் வழக்கமான பக்கம் திருகி ஸ்டட்டை முறித்தவர்கள் நிறைய.

கன்வெர்ட்டிபிள் வேண்டாம். கூரை இல்லாத உடலில் துருப்பிடித்த அடிப்பாகத்தை வெட்டினால் கார் நடுவில் தொய்ந்துவிடும். அது இரண்டாவது காருக்கு வைத்துக்கொள்ள வேண்டிய வேலை.

எஞ்சினை விட்டுவிட்டுத் தகரத்தைப் பாருங்கள்

புதிதாக வருபவர் பானெட்டைத் திறந்து எஞ்சினைத்தான் முதலில் பார்ப்பார். கெட்டுப்போன 289 எஞ்சினுக்கு வழி உண்டு. பட்டறைக்கு அனுப்பலாம், வேறொன்று வாங்கிப் போடலாம். கெட்டுப்போன உடலுக்குச் செலவும் நேரமும் எங்கே போய் முடியும் என்று சொல்ல முடியாது. மஸ்டாங்குக்குத் தனியாக சேசிஸ் கிடையாது. உடலே சட்டகம். தரைத் தகடும் பக்கவாட்டு ராக்கரும் (கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டகம்) முன்பக்க ரெயில்களும் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குகின்றன.

துரு இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய முதல் இடம் கவுல். முன்கண்ணாடிக்குக் கீழே, பானெட் முடியும் இடத்தில், வரிசையாகக் காற்றுத் துளைகள் இருக்கும். அதன் அடியில் ஒரு மூடிய தொட்டி. மழைத் தண்ணீர் அதில் விழுந்து இரு பக்கமும் வடிந்து, முன் ஃபெண்டர்களுக்குப் பின்னால் தரையில் இறங்க வேண்டும். அறுபது வருடமாக இலைச் சருகும் மண்ணும் சேர்ந்து ஈரம் காயாமல் இருந்ததால் அந்தத் தொட்டியின் உட்புறம் அரித்துப் போயிருக்கும். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

சோதனை எளிது. விற்பவரிடம் அனுமதி கேட்டு ஒரு குடம் தண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள். கூட வந்தவர் ஓட்டுநர் பக்கத் துளைகளில் மெதுவாக ஊற்றட்டும். நீங்கள் முன்சீட்டில் தலைகீழாகப் படுத்து, டார்ச் அடித்து டாஷ்போர்டுக்கு அடியில் பாருங்கள். ஹீட்டர் பக்கமும் காற்று வரும் வாய்ப் பக்கமும் ஒரு சொட்டுகூட விழக்கூடாது. கார்பெட்டைத் தூக்கித் தரையைக் கையால் தடவுங்கள். அப்புறம் மறுபக்கம் அதே சோதனை. தண்ணீர் ஒழுகினால், மேல் கவுல் தகட்டின் ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளைபோட்டுப் பிரித்து, அடியைச் சரிசெய்து, மறுபடி வெல்டு வைக்க வேண்டும். செய்யக்கூடிய வேலைதான், ஆனால் விலையை அதற்கு ஏற்பக் குறைத்துப் பேச வேண்டும். சோதனைக்கு மறுக்கும் விற்பனையாளரிடம் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

அடுத்து பேட்டரிக்கு அடியில். அமிலம் சொட்டி முன்பக்க ஏப்ரனையும் (ஃபெண்டருக்கு உள்ளே எஞ்சின் அறையின் பக்கச் சுவர்) அதன் கீழ் ரெயிலையும் தின்றிருக்கும். பிறகு ஷாக் டவர்களில் (முன் ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் தாங்கும் கூடுகள்) விரிசல், டிக்கியின் இரு ஓரப் பள்ளங்கள், பின் சக்கர வளைவின் கீழ் விளிம்பு, ராக்கர். ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். பட்டி பூசிய இடத்தில் காந்தம் பிடிக்காது. கூரையில் வினைல் ஒட்டியிருந்தால் அதன் ஓரத்தை விரலால் அமுக்கிப் பாருங்கள். அப்பளம் மாதிரி நொறுங்கும் சத்தம் கேட்டால் அடியில் தகரம் இல்லை.

குளிர்காலத்தில் சாலையில் உப்பு கொட்டும் மிச்சிகன், ஒஹையோ போன்ற மாநிலங்களில் ஓடிய வண்டியையும் அரிசோனா, கலிஃபோர்னியாவின் வறண்ட பகுதிகளில் கிடந்த வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். வறண்ட ஊர் வண்டியில் சீட்டு கிழிந்திருக்கும், டாஷ் வெடித்திருக்கும், ரப்பர் எல்லாம் பொடியாகியிருக்கும். அதையே வாங்குங்கள். உள்அலங்காரம் கடையில் கிடைக்கும். லாரிச் செலவு கொடுத்து வரவழைத்தாலும் லாபம்.

எண்ணும் பத்திரமும்

பானெட்டைத் திறந்தால் ஓட்டுநர் பக்க ஃபெண்டரின் மேல் விளிம்பில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். அதன் வழியே உள் ஏப்ரனில் பொறித்த வண்டி எண் தெரியும். உதாரணமாக 5F07C என்று தொடங்கினால்: 5 என்றால் 1965, F என்றால் டியர்போர்ன் ஆலை (R சான் ஹோசே, T மெட்டச்சன்), 07 என்றால் கூப்பே (08 கன்வெர்ட்டிபிள், 09 ஃபாஸ்ட்பேக்), C என்றால் இரண்டு பேரல் கார்ப்பரேட்டர் வைத்த 289. A என்றால் நான்கு பேரல். K என்றால் 271 குதிரைத்திறன் கொண்ட சிறப்பு எஞ்சின், அதற்கு விலை தனி. T என்றால் ஆறு சிலிண்டர் வண்டி.

ஆறு சிலிண்டர் வண்டியில் பின்னாளில் வி8 எஞ்சினை இறக்கி விற்பது சகஜம். சக்கரத்தைப் பாருங்கள். ஆறு சிலிண்டருக்கு நான்கு நட்டு, வி8-க்கு ஐந்து நட்டு. வி8 எஞ்சின் இருந்து நான்கு நட்டுச் சக்கரம் இருந்தால், சின்ன பிரேக்கும் மெலிந்த பின் ஆக்சிலும் அப்படியே இருக்கின்றன என்று அர்த்தம். அந்த வண்டி பாதுகாப்பானது இல்லை, முழுசாக மாற்றும் செலவை விலையிலிருந்து கழியுங்கள்.

கதவில் ரிவெட் அடித்த தகட்டில் நிறக் குறியீடு, உள்அலங்காரம், ஆக்சில் விகிதம் எல்லாம் இருக்கும். M என்றால் விம்பிள்டன் வெள்ளை, J என்றால் ரங்கூன் சிவப்பு. கதவையே மாற்றியிருக்கலாம் என்பதால் ஏப்ரனில் பொறித்த எண்ணைத்தான் நம்ப வேண்டும். அந்த எண்ணும் டைட்டில் என்ற உரிமைப் பத்திரத்தில் உள்ள எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். விற்பவர் பெயரும் பத்திரத்தில் இருக்க வேண்டும். டைட்டில் இல்லாத வண்டியைப் புதியவர் தொடவே கூடாது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு விதி, அலைந்து மாளாது.

இடம், கருவி, பணம்

கான்கிரீட் தரை வேண்டும். மண்ணிலோ வெயிலில் இளகும் தாரிலோ ஜாக் ஸ்டாண்டு வைத்து அடியில் படுக்கக் கூடாது. ஜாக் என்பது தூக்குவதற்கு மட்டும். தூக்கியதும் ஸ்டாண்டில் இறக்கி, வண்டியைக் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடியில் போக வேண்டும். வீட்டுமனைச் சங்கம் உள்ள குடியிருப்பில் இருந்தால், வெளியே நிறுத்திய பழைய வண்டிக்கு என்ன விதி என்று வாங்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

ஸ்பானர் எல்லாம் அங்குல அளவில்: 7/16, 1/2, 9/16, 5/8, 3/4. மில்லிமீட்டர் செட்டை வைத்து முயன்றால் போல்ட் தலை வழுவழுப்பாகிவிடும். டார்க் ரெஞ்ச் (போல்ட்டை அளந்து இறுக்குவது), தீயணைப்பான், பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை. வெல்டிங் கற்றுக்கொள்வதாக இருந்தால் வீட்டு மின்சாரத்தில் ஓடும் சின்ன மிக் வெல்டர் போதும். 0.023 அங்குலக் கம்பி, 75 சதவீதம் ஆர்கான், 25 சதவீதம் கரியமில வாயு கலந்த சிலிண்டர். எஞ்சின் தூக்கும் கிரேனை வாங்க வேண்டாம், வாடகைக்குக் கிடைக்கும். அந்த மாடல் ஆண்டுக்கான ஃபோர்டு ஷாப் மேனுவலின் மறுபதிப்பை வண்டியோடு சேர்த்தே வாங்குங்கள். டார்க் அளவு, வயர் நிறம், சரிசெய்யும் முறை எல்லாம் அதில் இருக்கிறது.

பணத்தைப் பற்றி ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிடுகிறேன். முழுப் புதுப்பிப்புக்குப் போடும் பணம் விற்கும்போது திரும்பி வராது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வேலை நேரம் 1000 மணியைத் தாண்டுவது சாதாரணம். அதிகம் தின்பது உடல் வேலையும் பெயின்ட்டும்தான், எஞ்சின் இல்லை. லாபத்துக்காக என்றால் ஏற்கெனவே முடித்த காரை வாங்கிவிடுவது மலிவு. செய்யும் வேலையே பிடித்திருந்தால் மட்டும் இறங்குங்கள்.

முதல் வேலை: நிற்க வைப்பது

வண்டி வீட்டுக்கு வந்ததும் எல்லாருக்கும் கை எஞ்சினுக்குத்தான் போகும். பிரேக்கைத் தொடுங்கள். 1965, 1966 மஸ்டாங்கில் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறை கொண்டது. நான்கு சக்கரத்துக்கும் ஒரே சுற்று. எங்காவது ஒரு குழாய் வெடித்தால் நான்கு பிரேக்கும் போய்விடும். 1967 மாடலிலிருந்து இரட்டை அறை வந்துவிட்டது. அந்த மாற்றத்தை உங்கள் வண்டியிலும் செய்துவிடுங்கள். அசல் தன்மை போய்விடுமே என்று தயங்க வேண்டிய இடம் இது இல்லை.

டிரம்மைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைத்து, பையில் கட்டி வையுங்கள். ஒரு பக்கத்தைக் கழற்றும்போது மறுபக்கத்தைப் பூட்டியபடியே விடுங்கள், ஸ்பிரிங் எது எங்கே என்று பார்த்துப் பூட்ட அதுதான் மாதிரி. வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ், இரும்புக் குழாய் எல்லாம் புதிது. குழாய் முனை இரட்டை மடிப்பாக இருக்க வேண்டும். பிரேக் வரிசையில் கம்ப்ரெஷன் இணைப்பு எந்தக் காலத்திலும் கூடாது. பிரேக் குழாய்களிலிருந்து காற்று எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து ஆரம்பியுங்கள்: பின் வலது, பின் இடது, முன் வலது, முன் இடது.

கூடவே ஸ்டியரிங் மூட்டுகள், பால் ஜாயின்ட், டயர். டயரில் கோடு எவ்வளவு ஆழம் இருந்தாலும் தயாரித்த தேதி பழையது என்றால் மாற்றுங்கள். முன் ஸ்பிரிங்கை மட்டும் முதல் வருடம் தொடாதீர்கள். மஸ்டாங்கில் அது சக்கரத்தைப் பிடிக்கும் மேல் கன்ட்ரோல் ஆர்முக்கு மேலே, ஷாக் டவருக்குள் அழுத்தி அடைத்து வைத்திருக்கிறது. சரியான கம்ப்ரெஸர் இல்லாமல் அவிழ்த்தால் உயிருக்கே ஆபத்து. தெரிந்தவர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள்.

எஞ்சின்: கழற்றும் முன் கேளுங்கள்

வருடக்கணக்காக நின்ற எஞ்சினைச் சாவி போட்டுச் சுழற்றக் கூடாது. பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவிடுங்கள். பிறகு கிராங்க் போல்ட்டில் நீளமான ரெஞ்ச் போட்டுக் கையால் இரண்டு சுற்று. சுலபமாகச் சுற்றினால் பாதி நிம்மதி.

பெட்ரோல் டேங்க்கைக் காலி செய்யுங்கள். இந்தக் காரில் டேங்க்கின் மேல்புறமேதான் டிக்கியின் தரை. பழைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி ஒட்டியிருந்தால் புது டேங்க் வாங்கிவிடுவதே புத்தி. காலி டேங்க்கை வெல்டு வைக்கவோ வெட்டவோ முயலாதீர்கள், உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும். இன்றைய பெட்ரோலில் எத்தனால் இருப்பதால் பழைய ரப்பர் ஹோஸும் கார்ப்பரேட்டர் டயஃப்ரமும் கரையும். அதற்குத் தாங்கும் புது வகையைப் போடுங்கள்.

ஓடத் தொடங்கியதும் சூடான எஞ்சினில் கம்ப்ரெஷன் சோதனை. எட்டு பிளக்கையும் எடுத்துவிட்டு, த்ராட்டிலை முழுசாகத் திறந்து வைத்து ஒவ்வொரு சிலிண்டரையும் அளந்து எழுதுங்கள். எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் எஞ்சினைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை. ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி அளக்கவும். ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு.

எஞ்சின் ஓடுகிறது, ஆனால் முறையாக ஓடவில்லை என்றால் பெரும்பாலும் டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தருவது) வயர்கள் மாறியிருக்கும். 289-இன் பற்றும் வரிசை 1-5-4-2-6-3-7-8, இடஞ்சுழியாக. பயணி பக்கம் முன்னிருந்து பின்னாக 1 முதல் 4, ஓட்டுநர் பக்கம் 5 முதல் 8. செவர்லே வி8 பற்றிய குறிப்பைப் பார்த்து ஃபோர்டுக்கு வயர் போடாதீர்கள், எண் இடுவதே வேறு.

முழுசாகப் பிரிக்க வேண்டி வந்தால் லேத் பட்டறை வேலையைப் பட்டறைக்கே விட்டுவிடுங்கள்: சிலிண்டர் கடைசல், விரிசல் பார்ப்பது, ஈயமில்லாப் பெட்ரோலுக்கு ஏற்ற கடினமான எக்ஸாஸ்ட் வால்வு சீட் வைப்பது. பூட்டுவது மட்டும் உங்கள் கையால். நிதானமும் சுத்தமும் டார்க் ரெஞ்சும் இருந்தால் போதும். 1964 ஆகஸ்டுக்கு முன் செய்த 289-களில் கியர்பாக்ஸ் மூடி ஐந்து போல்ட்டில் உட்காரும், பிறகு வந்தவற்றில் ஆறு. கியர்பாக்ஸ் வாங்கும் முன் எண்ணிக்கொள்ளுங்கள்.

பூட்டிய எஞ்சினின் முதல் அரை மணி நேரம் அதன் ஆயுளையே தீர்மானிக்கும். இந்த எஞ்சின்களில் கேம் ஷாஃப்ட்டும் லிஃப்டரும் தட்டையாக உரசி ஓடுபவை. துத்தநாகச் சேர்க்கை அதிகமுள்ள பிரேக்-இன் எண்ணெய் ஊற்றுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரை வெளியே எடுத்துவிட்டு அந்தத் துளை வழியே நீளமான கம்பியில் பொருத்திய 1/4 அங்குல சாக்கெட்டை இறக்கி, எண்ணெய்ப் பம்ப்பின் அறுகோணத் தண்டில் மாட்டி, ட்ரில்லால் இடஞ்சுழியாகச் சுற்றுங்கள். முதலில் ட்ரில் சும்மா ஓடும். சில நொடியில் பம்ப் எண்ணெயைப் பிடித்ததும் ட்ரில் கனத்து, கை மணிக்கட்டைத் திருப்பப் பார்க்கும். வால்வு மூடியைத் திறந்து வைத்து, கிராங்க்கைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே சுற்றினால், வால்வுகளை அழுத்தும் ராக்கர் கைகளில் ஒவ்வொன்றாக எண்ணெய் ஊறி வருவது தெரியும். எல்லாவற்றிலும் வந்த பிறகுதான் டிஸ்ட்ரிபியூட்டரைப் பூட்ட வேண்டும்.

ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாதீர்கள். உடனே 2000 சுற்றுக்கு ஏற்றி, 1500-க்கும் 2500-க்கும் நடுவே மாற்றி மாற்றி 20 முதல் 30 நிமிடம் ஓட விடுங்கள். ஒருவர் எண்ணெய் அழுத்தத்தையும் வெப்பத்தையும் பார்க்க, இன்னொருவர் கசிவைப் பார்க்கட்டும். கசிவோ கொதிப்போ வந்தால் நிறுத்திவிட்டு, சரிசெய்த பிறகு மீதி நேரத்தைத் தொடரலாம். அப்புறம் எண்ணெயை மாற்றுங்கள்.

வயரிங்

அறுபது வருட வயரில் ஒட்டுப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டாம். அதே நிற வரிசையில் புது வயரிங் செட் கிடைக்கிறது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, பழையதைப் பிடுங்கும் முன் ஒவ்வொரு முனையிலும் சீட்டு ஒட்டிப் படம் எடுங்கள். எஞ்சினிலிருந்து ஃபயர்வாலுக்கு (எஞ்சின் அறைக்கும் உட்புறத்துக்கும் நடுவே உள்ள தடுப்பு) போகும் எர்த் பட்டையை மறந்தவர்களுக்குத்தான் விளக்கு மங்குவது, கேஜ் ஆடுவது எல்லாம். பெயின்ட் அடித்த பிறகு இந்தத் தொல்லை இன்னும் கூடும், எர்த் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி இரும்பு தெரிய வைத்துப் பூட்டுங்கள்.

இதுவரை முடித்துவிட்டால், அசிங்கமாக இருந்தாலும் பாதுகாப்பாக ஓடும் ஒரு கார் உங்களிடம் இருக்கிறது. பதிவும் காப்பீடும் செய்து ஒரு கோடைக்காலம் முழுக்க ஓட்டுங்கள். கலிஃபோர்னியாவில்கூட 1975-உம் அதற்கு முந்தியதுமான மாடல்களுக்குப் புகைச் சோதனை கிடையாது. காப்பீடு எடுக்கும்போது பழைய கார்களுக்கென உள்ள, மதிப்பை முன்பே ஒப்புக்கொண்டு எழுதும் வகையைக் கேளுங்கள். சாதாரணக் காப்பீட்டில் உங்கள் உழைப்புக்கு மதிப்பே போட மாட்டார்கள். எங்கே சத்தம், எங்கே ஒழுகல், எந்தக் கதவு ஒட்டவில்லை என்று அந்த ஓட்டத்தில்தான் பட்டியல் சேரும்.

டிங்கரிங்

குளிர்காலம் வந்ததும் தகர வேலை. ஒரு பகுதி முடியாமல் அடுத்ததை வெட்டாதீர்கள். ஓட்டுநர் பக்கத் தரையை எடுத்துக்கொள்வோம். வண்டியின் எடை சக்கரங்களிலேயே இருக்கட்டும். ராக்கரையும் சேர்த்து வெட்டுவதாக இருந்தால் கதவு வாசலில் குறுக்கே சதுரக் குழாய் வெல்டு வைத்து இறுக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பிறகு கதவு சாத்தாது.

துருவைத் தாண்டி நல்ல தகரம் வரும் வரை வெட்டுங்கள். புதுத் தகட்டை வைத்துப் பார்த்து, கோடு போட்டு, ஒரு அங்குலம் மேலேறும்படி நறுக்குங்கள். ஆலையில் ஸ்பாட் வெல்டு இருந்த இடங்களில் மேல் தகட்டில் 5/16 அங்குலத் துளை போட்டு, அடித் தகட்டோடு இறுக்கிப் பிடித்து, துளையின் நடுவில் தொடங்கி ஓரம் வரை நிரப்புவது பிளக் வெல்டு. இரண்டு தகடும் ஒட்டும் இடத்தில் துத்தநாகப் பிரைமர் அடித்துவிடுங்கள். நீளமான இணைப்பில் ஒரே இழுப்பாக வெல்டு போட்டால் தகரம் சூட்டில் நெளியும். ஒரு பொட்டு இங்கே, அடுத்தது ஒரு கை தள்ளி, ஆறவிட்டு நடுவில் ஒன்று. இதற்கு முன் அதே தடிமன் கொண்ட பழைய தகரத்தில் ஒரு வாரமாவது பழகுங்கள். துத்தநாகம் பூசிய தகட்டில் வெல்டு வைக்கும்போது வரும் புகை காய்ச்சலைக் கொடுக்கும். கதவைத் திறந்து வைத்து, முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். அருகில் கார்பெட், ஒலித்தடுப்பு நார் எதுவும் இருக்கக் கூடாது. வேலை முடிந்து ஒரு மணி நேரமாவது கராஜை விட்டுப் போகாதீர்கள்.

வெளிப் பாகங்களில், கொஞ்சம் அடிபட்டிருந்தாலும் அசல் ஃபெண்டரைத் தூக்கி எறியாதீர்கள். புதிதாகச் செய்தவை பல நேரம் சரியாக உட்காராது. பெயின்ட்டுக்கு முன்பே எல்லாவற்றையும் பூட்டி இடைவெளியைச் சீராக்க வேண்டும். முதலில் பின்பக்கத்துக்கு ஏற்பக் கதவு, கதவுக்கு ஏற்ப ஃபெண்டர், கடைசியில் பானெட். சுத்தமான இரும்பில் எபாக்ஸி பிரைமர், அதன் மேல் மெலிசாகப் பட்டி. தடிமனாகப் பட்டி பூச வேண்டியிருக்கிறது என்றால் தகரத்தை இன்னும் தட்டி எடுக்க வேண்டும் என்று பொருள். மணல் வீசித் துருவெடுப்பவரிடம் கூரையையும் பானெட்டையும் கொடுக்காதீர்கள், பெரிய தட்டையான தகடு நெளிந்துவிடும்.

பெயின்ட்டை மட்டும் ஷாப்பில் கொடுங்கள் என்பேன். இன்றைய இரண்டு கூறு பெயின்ட்டில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும், அதற்கு வெளிக்காற்றைக் குழாய் வழியே தரும் முகமூடி வேண்டும். தேய்க்கும் வேலையை நீங்களே செய்தால் கூலியில் பெரும் பகுதி மிச்சம். பழைய பெயின்ட்டிலும் உடல் இணைப்புகளிலும் ஈயம் இருக்கும் என்பதால் ஈரமாகத் தேய்த்து, அந்த உடையை வீட்டுத் துணியோடு சேர்க்காமல் துவையுங்கள்.

உள்ளே

இது சுகமான வேலை. சீட் உறையை மாட்டும் முன் ஒரு மணி நேரம் வெயிலில் போட்டால் வினைல் இளகி, சுருக்கம் விழாமல் இழுபடும். கார்பெட்டுக்கு முன் ஒலித்தடுப்பு, அதற்கு முன் இன்னொரு முறை கவுலில் தண்ணீர் ஊற்றிச் சோதனை. முன்கண்ணாடியைப் பழகியவரிடம் கொடுங்கள். தோள் பெல்ட் வைக்கும் செட் கிடைக்கிறது, போட்டுவிடுங்கள்.

ஓட்டத் தொடங்கிய பிறகு

முதல் 50 மைலில் வீல் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள், பிரேக் குழாய் இணைப்புகளை டார்ச் அடித்துப் பாருங்கள். 500 மைலில் எண்ணெயும் ஃபில்டரும் மாற்றி, பழைய ஃபில்டரை வெட்டி உள்ளே பளபளக்கும் இரும்புத் துகள் இருக்கிறதா என்று பாருங்கள். லேசான சாம்பல் நிறம் இருந்தால் பரவாயில்லை, கண்ணுக்குத் தெரியும் சில்லுகள் இருந்தால் எஞ்சினை ஓட்டாமல் பட்டறைக்கு எடுத்துப் போங்கள். முன் டிஸ்க் பிரேக், ஐந்து கியர், ஷாக் டவர்களை இணைக்கும் கம்பி என்று மனம் அலைபாயும் மேம்பாடுகளை எல்லாம் இந்த 500 மைல் கழிந்த பிறகு, ஒரு நேரத்தில் ஒன்றாகப் போட்டுக்கொள்ளலாம்.